ஆஸ்பத்திரியிலை கூப்பிட்ட பேர்

தம்பி,

சாப்பிட்டிட்டு இருந்து வாசி. பதகளிக்கப்படாது. எனக்கு உடம்புக்கு ஒண்டுமில்லை, வீடும் நீ விட்டிட்டுப் போனபடிதான் இருக்கு. நேற்றுப் பின்னேரம் சிட்னி ஆஸ்பத்திரியிலையிருந்து ரெலிபோன் வந்தது. மயக்க மருந்துப் படிப்புக்கு எண்டு போன கிழமை இன்ரவியூவுக்குப் போனியே, அந்த ஆஸ்பத்திரிதான். உனக்கு இடம் தர எண்டுதான் எடுத்தவை. நான் அந்தப் பொம்பிளைக்கு நீ செத்துப்போட்டாய் எண்டு சொல்லிப்போட்டன்.

சொல்லிப்போட்டு வாயைக் கழுவினன், தலையிலை தண்ணி வாத்தன், சாமிப்படத்துக்கு முன்னாலை கற்பூரம் கொளுத்தினன். பெத்த தாய் சொல்லுற சொல்லே அது? நீ மெல்பேர்ணிலை நிக்கிற வீட்டிலை ரெலிபோனும் இல்லை, இருந்தாலும் இதை நான் ட்ரங்க் கோலிலை கத்திச் சொல்லேலாது. அதாலைதான் எழுதுறன். என்ரை எழுத்து உனக்குத் தெரியும், அஞ்சாம் வகுப்பு எழுத்து, பிழை பாக்காதை. உன்ரை ரெண்டு இன்ரவியூவும் முடிஞ்சுது. எந்த ஆஸ்பத்திரிக்குப் போறது எண்டு நீ இந்தக் கிழமை முடிவெடுக்க வேணும். எடுக்கிறதுக்கு முதல் நான் சிலது சொல்ல வேணும். உனக்குச் சொல்லாமல் வைச்சிருந்ததும் இருக்கு.

உன்ரை கூட்டாளிமார் ரெலிபோன் எடுத்தால் உன்ரை பேரைத்தான் கேப்பினம். அந்தப் பொம்பிளை கேட்டது உன்ரை பேருக்குப் பின்னாலை நிக்கிற பேரை. அது அப்பான்ரை பேர். கலியாணம் கட்டின நாளிலையிருந்து நான் வாயாலை சொல்லாத பேர், இதிலையும் எழுதமாட்டன். இந்த நாட்டுச் சனத்துக்குப் பின்னுக்கு இருக்கிறதுதான் குடும்பப் பேர், அதைச் சொல்லித்தான் கூப்பிடுவினம். எங்கடை ஆக்களுக்குக் குடும்பப் பேர் எண்டு ஒண்டு எங்கை இருக்கு? ஃபோமிலை கேட்ட இடத்திலை நீ அப்பான்ரை பேரை எழுதினாய், அப்பா அப்பப்பான்ரை பேரை எழுதினார். நாங்கள் வந்து இறங்கின அண்டு அந்த ஒபிசர் ரெண்டு பாஸ்போட்டையும் மாறி மாறிப் பாத்திட்டு, "தேப்பனுக்கு ஒரு குடும்பம், மகனுக்கு வேறை குடும்பமோ?" எண்டு கேட்டதும், அப்பா, "குடும்பம் ஒண்டுதான் ஐயா, பேர்தான் ஒவ்வொரு படியா இறங்கி வருது" எண்டு இங்கிலீசிலை சொன்னதும், அந்தாள் விழுந்து விழுந்து சிரிச்சதும் உனக்கு ஞாபகம் இருக்கும். நானும் சிரிச்சனான். எனக்கு அது அப்ப சிரிப்பாத்தான் இருந்தது.

அப்பாக்குப் பித்தப்பையிலை கல்லு எண்டு வெட்டினது அதே சிட்னி ஆஸ்பத்திரியிலை. நீ அப்ப தூர ஊர் ஆஸ்பத்திரியிலை வேலை, லீவு குடுக்கேல்லை. காலமை அவரை வண்டில் கட்டிலிலை தள்ளிக்கொண்டு போகேக்கை மயக்க மருந்து டொக்டர் விறாந்தையிலைதான் வந்து சந்திச்சவர். அதுக்கு முதல் அந்தாளை நாங்கள் கண்ணாலையும் காணேல்லை. நடந்துகொண்டே அட்டையைப் பாத்து, அப்பப்பான்ரை பேரைச் சொல்லி, "மிஸ்டர் இன்னார், நல்லா நித்திரை கொள்ளுவியள்" எண்டார். அப்பா என்னைப் பாத்துக் கண்ணைச் சிமிட்டிப்போட்டு, "கேட்டீரே, ஐயாவைத்தான் நித்திரையாக்கப் போயினமாம். அவர் செத்துப் பதினைஞ்சு வருசம், இனியும் என்ன நித்திரை" எண்டார். அதுதான் அவர் எனக்குச் சொன்ன கடைசிப் பகிடி. நான் அவரோடை கதைச்ச கடைசிக் கதையும் அதுதான் எண்டு இப்ப நினைக்கிறன்.

ஒப்பரேசன் முடிஞ்சு கனநேரமாகியும் அவரை வெளியிலை கொண்டு வரேல்லை. பிறகு ஒரு நேர்ஸ் ஓடி வந்து என்னைக் கூப்பிட்டுது. அவர் இங்கிலீசை விட்டிட்டுக் கண் முழிக்காமல் தமிழிலையே கதைக்கிறாராம், தங்களுக்கு விளங்கேல்லையாம். உள்ளுக்கை ஆக்களை விடுறேல்லை, ஆனாலும் எனக்கு ஒரு வெள்ளைச் சட்டையைப் போட்டுக் கூட்டிக்கொண்டு போச்சினம். ரெண்டு பேர் ரெண்டு பக்கமும் நிண்டு கன்னத்திலை தட்டித் தட்டிக் கூப்பிடுகினம், எல்லாம் அப்பப்பான்ரை பேர். "எழும்புங்கோ, மிஸ்டர் இன்னார், கண்ணை முழியுங்கோ." ஊரிலை நித்திரையிலை கிடக்கிற ஆளை ஆரும் வேறை பேர் சொல்லி எழுப்புவினமே? நானாவது சரியாக் கூப்பிட்டிருக்கலாம் எண்டு நீ நினைப்பாய். "இஞ்சாருங்கோ, இஞ்சாருங்கோ" எண்டு நானும் கூப்பிட்டனான். அது ஆற்றை பேரும் இல்லைத்தானே. அவர் கண்ணை முழிச்சார். என்னை வடிவாப் பாத்தார். "என்ன பிள்ளை, தம்பி எங்கை?" எண்டு கேட்டார்.

என்னைப் பிள்ளை எண்டு கூப்பிட்டது உன்ரை அப்பப்பா ஒராள்தான். அவர் தம்பி எண்டு கூப்பிட்டது அப்பாவை.

அண்டு பின்னேரம் நீ ரெலிபோன் எடுக்கேக்கை, அப்பா ஒரு மாதிரிக் கதைக்கிறார் எண்டு சொன்னனான். "அது மருந்து அம்மா, கன்பியூசன். வயசான ஆக்களுக்கு இறங்க நாள் எடுக்கும்" எண்டாய். நான் ஓம் எண்டு வைச்சிட்டன். நாள் போச்சுது. வீட்டை வந்தார், நடந்தார், சாப்பிட்டார், பேப்பர் வாசிச்சார், பக்கத்து வீட்டு மோல்டா நாட்டுக்காரிக்கு இங்கிலீசிலை குட்மோர்ணிங் சொன்னார். அவளுக்கு ஒரு வித்தியாசமும் தெரியேல்லை. ஆனால் குசினிக்குள்ளை வரமுதல் வாசலிலை நிண்டு செருமினார். மருமோள் வேலையா நிண்டால் மாமன்மார் உள்ளுக்கை வரமுதல் அப்பிடித்தான் செருமுவினம், சீலையை ஒழுங்காக்கிக்கொள்ளட்டும் எண்டு. எந்தப் புருசன் பெண்சாதிக்குச் செருமிப்போட்டு வருவான்? நான் உலை வைச்சபடி நிப்பன், பின்னாலை அந்தச் செருமல் கேக்கும், கை தானாப் போய் முந்தானையை இழுத்து விடும். திரும்பிப் பாத்தால் உன்ரை அப்பா நிப்பார், என்ரை முகத்தைப் பாராமல், கீழை பாத்துக்கொண்டு. "பிள்ளை, ஒரு வாய் தேத்தண்ணி." அப்பா எனக்கு எப்பவும் நீர், உமக்கு எண்டுதான் கதைக்கிறவர், இவர் நீ எண்டார். பாயை எடுத்துக்கொண்டு போய் முன் அறையிலை படுத்தார். ஒருநாள் துணிஞ்சு கேட்டன், "இஞ்சாருங்கோ, நீங்கள் ஆர்?" எண்டு. அவர் கோவிக்கேல்லை. யோசிச்சார். "என்னைக் கூப்பிட்டவை, வந்தனான்" எண்டார். "அப்ப அவர்?" எண்டன். "அவனை ஒருத்தரும் கூப்பிடேல்லைப் பிள்ளை" எண்டார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டிட்டுக் கதிரையிலை இருந்தபடி போயிட்டார். இருதயம் எண்டு எழுதித் தந்தவை. நீ ஓடி வந்து கட்டிப்பிடிச்சு அழுதாய், கொள்ளி வைச்சாய். நானும் அழுதனான்தான். ஆனால் தம்பி, நான் அழுதது உன்ரை அப்பப்பாவுக்கு. அவருக்கு அது ரெண்டாந்தரம், பாவம். என்ரை மனுசன் செத்ததை நான் காணேல்லை. அவரை நித்திரையாக்கினதைக் கண்டனான், எழுப்பினதைக் காணேல்லை. இதை உனக்குச் சொல்லியிருந்தால் என்னையும் ஒரு டொக்டரட்டைக் கொண்டு போய் விட்டிருப்பாய். இப்பவும் அப்பிடி நினைச்சால் நினை, ஆனால் மிச்சத்தையும் வாசி.

அந்தச் சாவுக்குப் பிறகுதான் நீ இந்தப் படிப்புத்தான் படிப்பன் எண்டு நிண்டாய். நான் மறிக்கேல்லை. போன கிழமை இன்ரவியூவுக்கு என்னையும் காரிலை கூட்டிக்கொண்டு போனாய், தனிய இருந்து யோசிப்பாய் அம்மா, வா எண்டு. விறாந்தையிலை நீயும் நானும் கதிரையிலை இருந்தம். விறாந்தை முடியிற இடத்திலை ஒப்பரேசன் பக்கத்துக் கதவு, ரெண்டு பக்கமும் ஆடுற கதவு. இன்ரவியூ அறையிலையிருந்து ஒரு வேலைக்காரப் பிள்ளை வெளியிலை வந்து டொக்டர் எண்டு சொல்லி அப்பான்ரை பேரைக் கூப்பிட்டுது. நீ கோட்டைச் சரிபண்ணிக்கொண்டு எழும்பினாய், இன்னும் வாய் திறக்கேல்லை. அதுக்குள்ளை அந்தக் கதவுக்கு அங்காலை "ஓம்" எண்டு ஒரு சத்தம். நித்திரைத் தூக்கத்திலை சொல்லுற ஓம். எனக்குக் கேட்டது. கேட்டது மட்டுமில்லை, நீயும் கூப்பிட்ட பிள்ளையைப் பாக்காமல் அந்தக் கதவைத் திரும்பிப் பாத்தாய். பாத்திட்டுப் பிறகுதான் "யெஸ்" எண்டு போட்டு உள்ளை போனாய். காரிலை வரேக்கை நான் கேப்பன் எண்டு பயந்தோ என்னவோ, நிப்பாட்டாமல் கதைச்சுக்கொண்டு வந்தாய்.

நீ கதைச்சது எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு. மேசைக்கு அங்காலை அஞ்சு பேர் இருந்தவை, எல்லாம் பெரிய ஆக்கள். புது மெசின் வந்திருக்கு. ஒப்பரேசன் கனக்க, கை கெதியாப் பழகும். "வேகமா வேலை செய்வியோ, இரவிலை தனிய நிப்பியோ எண்டு கேட்டவை அம்மா, நிப்பன் எண்டு சொன்னனான்" எண்டாய். "கரைச்சல் வந்தால் ஆர் வருவினம்?" எண்டு நான் கேட்டன். "பெரியவர் வீட்டிலை இருப்பார், ரெலிபோனிலை கேக்கலாம்." "அவர் வந்து சேரமட்டும் ஆள் மூச்சுப் பிடிச்சுக்கொண்டு கிடக்குமோ?" எண்டன். நீ சிரிச்சுப்போட்டு, "நீதான் அம்மா என்னை இன்ரவியூ பண்ணுறாய்" எண்டாய். பண்ணினால் என்ன? அவை உன்னைக் கேக்கலாம் எண்டால் நீயும் அவையைக் கேக்கலாம். பொம்பிளை பாக்கப் போற வீட்டிலை பலகாரத்தைப் பாத்துப்போட்டு வாறதில்லை, குசினியையும் கிணத்தடியையும் ஒருக்கால் பாக்கிறது. படிப்பிக்கிற ஆக்களைப் பாக்கிறதுக்கு முதல், அவையட்டை இப்ப படிக்கிற பெடியளைப் பார். அவை நித்திரை கொள்ளுகினமோ, சாப்பிடுகினமோ, பிழை விட்டால் வாய் திறந்து சொல்லப் பயப்பிடுகினமோ எண்டு பார். சிட்னியிலை இந்தப் படிப்புப் படிக்கிறன் எண்டு உன்னோடை விறாந்தையிலை கதைச்சுக்கொண்டு நிண்ட அந்தப் பெடியன் சுவரிலை சாஞ்சபடி கண்ணை மூடினவன். நீ கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறாய், அவன் நித்திரை.

மெல்பேர்ண் இன்ரவியூ முடிய அண்டைக்கே நீ றோட்டு ரெலிபோன் பெட்டியிலையிருந்து ட்ரங்க் கோல் எடுத்தாய். சின்ன ஆஸ்பத்திரி, பழைய மெசின், சம்பளமும் அவ்வளவுதான் எண்டாய். பிறகு குரல் மாறிச்சுது. அங்கத்தைப் பெரியவர் முதல் கேள்வியா, "உன்ரை பேரிலை எது உன்ரை பேர்? வீட்டிலை எப்பிடிக் கூப்பிடுவினம்?" எண்டு கேட்டவராம். நீ சொல்லிக் குடுக்க, நாக்குப் புரளமட்டும் சொல்லிப் பாத்தவராம். இந்தக் கிழமை முழுக்க நிண்டு பாத்திட்டு முடிவு சொல்லு எண்டவராம். ஒப்பரேசனுக்கு முதல்நாள் பின்னேரம் வாட்டுக்குப் போய், கட்டிலுக்குப் பக்கத்திலை கதிரையைப் போட்டு இருந்து, அந்த ஆளோடை கதைக்கிறது அங்கை முறையாம். நித்திரையாக்கிறவரே எழும்புமட்டும் பக்கத்திலை நிப்பாராம். தம்பி, இதைக் கேட்டிட்டு நான் ரெலிபோனை வைச்சுப்போட்டு அதிலையே நிலத்திலை இருந்திட்டன். அப்பிடியும் ஒரு இடம் இருக்கெண்டு எனக்கு ஆரும் முன்னம் சொல்லேல்லை. நீ கடைசியா, "ஆனால் அம்மா, நான் சிட்னியைத்தான் எடுப்பன் போலை இருக்கு. நீ பென்டில் ஹில் வீட்டிலை தனிய" எண்டாய். அதை மட்டும் செய்யாதை. எனக்காக ஒரு இடத்தை எடுத்தால் அந்த இடத்திலை நீ நிண்டு வேலை செய்யமாட்டாய், என்னைத்தான் காவல் காப்பாய்.

அடுத்தநாள் பின்னேரம்தான் அந்த ரெலிபோன் வந்தது. அவள் கேட்ட பேரைக் கேட்டதும் எனக்கு மிச்சம் ஒண்டும் விளங்கேல்லை. டொக்டர் எண்டு சொன்னதும் காதிலை விழுந்ததுதான். ஆனால் அந்தப் பேரைக் கேட்டு ஒருத்தர் ரெலிபோன் எடுத்தால் நான் வேறை என்னத்தைச் சொல்ல? எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசிலை, "ஹீ டைட்", அவர் செத்திட்டார் எண்டன். "போன கிழமைதானே பாத்தம், அவருக்கு இடம் தர எண்டெல்லோ எடுத்தன்" எண்டாள். அப்பதான் எனக்கு உன்ரை முகம் வந்தது. நான் வாயைத் திறக்கமுதல் அவள் "ஐ ஆம் சொறி, ஐ ஆம் சொறி" எண்டு வைச்சிட்டாள். திருப்பி எடுக்க எனக்கு நம்பரும் தெரியாது. இரவு முழுக்க யோசிச்சன். நீ வந்து, உயிரோடை இருக்கிறன் எண்டு சொன்னால் அவை சிரிச்சுப்போட்டு இடத்தைத் தருவினம். ஆனால் நீ அங்கை வேலைக்குப் போனால் என்ன நடக்கும் எண்டும் யோசிச்சன். விடிய எழும்பினால் அந்த விறாந்தை முழுக்க அப்பான்ரை பேரைத்தான் கூப்பிடுவினம். ஸ்பீக்கரிலை கூப்பிடுவினம். கூப்பிடக் கூப்பிட அவரும் எழும்பப் பாப்பார். ஆரும் அவருக்காகக் கூப்பிடேல்லை எண்டு கண்டு திரும்பப் படுப்பார். ஒரு மனுசனை எத்தினை தரம் அப்பிடிச் செய்யிறது?

இவ்வளவும் நேற்று எழுதி வைச்சது. இண்டைக்குக் காலமை தபாலிலை போட எண்டு வெளிக்கிட, ரெலிபோன் திரும்ப அடிச்சுது. அதே பொம்பிளை. நல்ல சந்தோஷமாக் கதைச்சாள். அண்டைக்கு ஏதோ பிழையா விளங்கிப்போச்சாம், மன்னிக்கட்டாம். கொஞ்சம் முதல் டொக்டரே தங்களுக்கு ரெலிபோன் எடுத்தவராம். இடத்தை எடுக்கிறாராம், திங்கக்கிழமை காலமை அங்கை நிப்பாராம். "எந்தப் பேர் சொன்னவர்?" எண்டு கேட்டன். அந்தப் பேரைத்தான் சொன்னாள். "எங்கையிருந்து எடுத்தவர்?" எண்டன். அது தெரியாதாம், லைன் வடிவாக் கேக்கேல்லையாம், தூரத்திலையிருந்து கதைக்கிற மாதிரி இருந்ததாம். "என்ன மாதிரிக் குரல்?" எண்டு கேட்டன். அவளுக்கு அது விசர்க் கேள்வியாத்தான் இருந்திருக்கும். எண்டாலும் சிரிச்சுக்கொண்டு சொன்னாள், "நல்ல மரியாதையான குரல். கனநேரம் நித்திரை கொண்டு இப்பதான் எழும்பின மாதிரி இருந்தது. இரவு வேலை செய்திட்டுப் படுத்தவராக்கும் எண்டு நாங்கள் நினைச்சம்."

நீயா ராசா எடுத்தனீ? நீயெண்டால் ஒரு தந்தி அடி, நான் இந்தக் கடுதாசியை எழுதேல்லை எண்டு நினைச்சுக்கொள்ளு, உன்ரை விருப்பப்படி செய். உன்னை நான் மறிக்கேல்லை. எடுத்தது நீ இல்லையெண்டால் மெல்பேர்ணிலேயே நில். அந்தப் பெரியவரட்டை இண்டைக்கே போய் ஓம் எண்டு சொல்லு. சிட்னிப் பக்கம் நீ இப்போதைக்கு வரவேண்டாம், அந்த வேலைக்கு இஞ்சை ஆள் வந்திட்டுது.

திங்கக்கிழமை காலமை நான் ரெயின் எடுத்து அந்த ஆஸ்பத்திரிக்குப் போறன். பாக்கிறதுக்கில்லை. அவரை வீட்டை கூட்டிக்கொண்டு வாறதுக்கு.

அம்மா